குடும்ப வீடு விடுதியாகும்போது

நெய்வேலி, நெல்லிக்குப்பம் போன்ற தொழில் ஊர்களில், நிறுவனக் குடியிருப்பில் இடம் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர்களை நம்பிக் குடும்ப வீடுகள் விடுதிகளாக மாற்றப்படும்போது, கூடம் பலகைத் தடுப்புகளால் கூறுபடுவதும், ஒரே மின் இணைப்பில் பல அடுப்புகள் எரிவதும், மாடியில் இருப்போர் தப்பிக்க ஒற்றைப் படிக்கட்டே மிஞ்சுவதும் பேராபத்தாகும். மதுரை கட்ராபாளையத்தில் 2024 செப்டம்பரில் மகளிர் விடுதியொன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் இரு பெண்கள் உயிரிழந்தனர்.

தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் அது பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு மட்டுமே உரியது. நெய்வேலிச் சுரங்கத்தில் இரவுப்பணி முடித்துத் திரும்பும் ஆணின் உயிருக்கு அதில் காப்பில்லை என்பது பெருங்குறை.

விடுதியைப் பதிவு செய்தால் வரி ஏறும் என்ற உரிமையாளர்களின் அச்சத்துக்கும் இப்போது பெரிதாக இடமில்லை. விடுதியும் வசிப்பிடமே என 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதே ஆண்டில், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத வாடகையில், தொடர்ந்து 90 நாள்களேனும் தங்கும் இடங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரிவிலக்கும் அளிக்கப்பட்டது.

ஆகவே நகராட்சிகளும் ஊராட்சிகளும், வாடகைதாரரை வெளியேற்றாமல், படுக்கை எண்ணிக்கை, மின்சுமை, இரண்டாவது வெளியேறும் வழி ஆகியவற்றை வீடுவீடாக ஆய்ந்து, குறை நீக்க உரிமையாளருக்குக் காலக்கெடு விதிக்க வேண்டும். ஆண்கள் விடுதிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தத்தை அரசு தாமதமின்றி முன்வைக்க வேண்டும்.