தீபாவளிக் காலைக் குவளையில் எத்தனை கரண்டி சீனி?

தீபாவளி நெருங்கினால் போதும், கைப்பேசியில் வண்ண வண்ண மொக்டேல் காணொளிகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. கண்ணாடிக் குவளையின் அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே நீலம். ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. எண்ணெய்க் குளியல் முடித்து, புத்தாடை உடுத்தி, வீட்டுக்கு வரும் முதல் விருந்தினருக்கு அப்படி ஒரு குவளையை நீட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் இருக்கும். அந்தப் பொறுப்பை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், அந்த அடுக்குகளை நிற்க வைப்பது எது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அது சீனி.

பள்ளியில் படித்த அடர்த்தியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அறை வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் நீரின் பொருண்மை ஏறக்குறைய 1 கிராம். அந்த நீரில் பத்து விழுக்காடு சீனி கரைந்திருந்தால் அது 1.04 கிராம் ஆகும். சம எடை சீனியும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய பாகு என்றால் 1.23 கிராம். அடர்த்தி கூடியது அடியில் தங்கும், குறைந்தது அதன் மேல் அமரும். காணொளியில் அடுக்குகள் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாகத் தெரிகிறதா? அப்படியானால் அடியில் இருப்பது கெட்டியான பாகாகத்தான் இருக்கும். சிவப்பு சிரப் போத்தல்கள் இந்த வேலைக்கு அவ்வளவு நன்றாகப் பயன்படுவதற்கும் இதுவே காரணம்.

கணக்குப் போடுவோம். 250 மில்லிலிட்டர் குவளையில் அடியடுக்குக்கு 40 மில்லிலிட்டர் பாகு ஊற்றுகிறோம் என்று வையுங்கள். 40-ஐ 1.23-ஆல் பெருக்கினால் 49 கிராம். அதில் பாதி சீனி, அதாவது ஏறக்குறைய 25 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம் என்று கொண்டால், ஆறு கரண்டிக்கும் மேல்! யாராவது உங்கள் தேநீரில் ஆறு கரண்டி சீனி போட்டால் முகம் சுளிப்பீர்கள். குளிர்ச்சியும் புளிப்பும் சேரும்போது நாக்கு அந்த அளவை உணர்வதில்லை.

உணவில் சேர்க்கப்படும் சீனியை ஒரு நாள் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு குவளையிலேயே நாளின் அளவு முடிந்துவிடும். அதன்பிறகு லட்டு, நெய் உருண்டை, அடுத்த வீட்டின் சிரப், அதற்கடுத்த வீட்டின் பாயசம்.

‘பண்டிகை நாளில் என்ன கணக்கு?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு நாள் இனிப்பால் யாருக்கும் நீரிழிவு வந்துவிடாது. ஆனால், நம் வீடுகளுக்கு வரும் விருந்தினர்கள் யார் என்று யோசியுங்கள். மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு காட்டியது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். வீட்டுக்காரர் நீட்டும் குவளையை வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கும் பாட்டிக்கும் தயக்கமாக இருக்கும். கடைப் பானத்திலாவது அளவு அச்சிட்டிருக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் இங்கு வரியும் உண்டு. சிங்கப்பூரில் 10 கிராமைத் தாண்டினால் ‘டி’ தரம், விளம்பரம் செய்யவே முடியாது. நாம் வீட்டில் கலக்கும் குவளைக்கு எந்த முத்திரையும் இல்லை. கலப்பவருக்கு மட்டுமே அளவு தெரியும்.

அதனால், அழகை விட்டுவிடச் சொல்லவில்லை. அழகை வேறு இடத்திலிருந்து எடுக்கலாம். நம் வேலியோரம் படரும் சங்குப்பூ போதும். மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். கிளந்தானின் நாசி கெராபுக்கு நீல நிறம் தருவது இதுதான். இதில் உள்ள ஆந்தோசயனின் நிறமி, லிட்மஸ் தாளைப்போல் காடித்தன்மையைக் காட்டிக்கொடுக்கும். நடுமையில் நீலம், எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதா. (இந்தப் பூ நினைவாற்றலைக் கூட்டும், தேர்வுக்கு நல்லது என்று பரவும் செய்திகளை நான் நம்பவில்லை. நிறத்துக்காகக் குடித்தால் போதும்.)

பத்துக் காய்ந்த பூக்களை 200 மில்லிலிட்டர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, வடிகட்டி, குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு தேக்கரண்டி சீனியை 20 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, 10 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு சேருங்கள். லீமாவ் கஸ்தூரியும் சரிதான், மணம் கூடும். இதன் அடர்த்தி ஏறக்குறைய 1.09. பாகின் அளவுக்குக் கனமில்லை, ஆனாலும் சீனியே சேராத பூத்தேநீருக்கு அடியில் தங்க இது போதும். இதைக் குவளையில் ஊற்றி, பனிக்கட்டியை நிரப்பி, பனிக்கட்டியின் மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து நீலத் தேநீரை மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் விழும் வேகமே இரண்டையும் கலக்கிவிடும். சோடா சேர்க்காதீர்கள், அதன் குமிழிகள் அடியில் உள்ளதை மேலே இழுத்து வந்துவிடும். பொறுமையாகச் செய்தால் அடியில் நிறமற்ற ஓர் அடுக்கு, நடுவில் ஊதா, மேலே நீலம். மொத்தச் சீனி 8 கிராம், முந்தைய குவளையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

நீரிழிவு உள்ள தாத்தாவுக்கு அந்தக் கரண்டிகளும் வேண்டாம். வெறும் நீலத் தேநீரைக் குவளையில் கொடுத்து, எலுமிச்சைத் துண்டைத் தனியாகத் தட்டில் வையுங்கள். அவரே பிழியட்டும். நிறம் மாறுவதற்குச் சீனி தேவையில்லை.