பொன்னாடையும் மஹியாவ முகவரியும்

பாடசாலைச் சிற்றூழியர்களை மாணவர்கள் மேடையேற்றிக் கௌரவிக்கும் செயற்றிட்டங்கள் வரவேற்கத்தக்கவை. 2024 மே 2ஆம் திகதி தொடங்கிய பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரு மாதங்களைத் தாண்டியது. பேராதனையும் முடங்கியபோதுதான் அந்த உழைப்பு பலர் கண்ணில் பட்டது.

ஆனால் கண்டியில் மேடை மட்டும் போதாது. நகரைத் துப்புரவு செய்யவெனப் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தமிழரின் சந்ததியினர் இன்றும் மஹியாவ பகுதியில் நெருக்கமான வீடுகளில் வாழ்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த முகவரியை எழுதத் தயங்கும் இளைஞர்கள் அங்கே உண்டு. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு மூச்சைப் பிடித்து நின்ற நமக்கு அந்தத் தயக்கம் புதிதல்ல. கூட்டித் துடைக்கும் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தும் பாடசாலை, அவரது பிள்ளைக்கு முதலாம் தரத்தில் இடம் கொடுக்குமா? செயற்றிட்டம் செய்யும் மாணவர்கள் அதிபரிடம் கேட்கவேண்டியது இதைத்தான்.