பிக்கப் வண்டியில் பெட்டி எங்கே இருக்க வேண்டும்?

பாலக்கோட்டுத் தக்காளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் புளி, தருமபுரி அங்காடிக்கு வரும் பட்டுக்கூடு, விடிவதற்குள் சந்தை சேர வேண்டிய பூ என்று இந்த மாவட்டத்தின் விளைச்சலில் பெரும்பங்கு இன்று சிறிய சரக்கு வண்டிகளில்தான் போகிறது. 2005-இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கியது. பொலேரோ பிக்கப்பும், பக்கத்து ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த்தும் ஊருக்கு ஊர் நிற்கின்றன. இவற்றை வாங்குகிறவர் எஞ்சினைக் கேட்கிறார், மைலேஜைக் கேட்கிறார், எத்தனை டன் தாங்கும், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கயிறும் எச்சரிக்கை முக்கோணமும் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்பதில்லை. விளைவாக அவை சீட்டுக்குப் பின்னாலும் சரக்குக்கு அடியிலும் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு பிக்கப்புக்கும் பாடிக்குக் கீழே, இடது பக்கத்தில், சேஸிஸோடு இறுகப் பிடித்த ஒரு கருவிப் பெட்டி வேண்டும் என்பதே என் கருத்து. அது உரிமையாளரின் வசதி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, சாலையில் வரும் மற்றவர்களின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

காரணத்தைத் தேடித் தொலைவு போக வேண்டாம், தொப்பூர் கணவாய் போதும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரி மேட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில், 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று முன்னால் இருந்த வண்டிகள் மீது வரிசையாக மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் அதே கணவாயில் லாரிகளும் காரும் மோதி நான்கு உயிர்கள் போயின. அங்கே உயர்மட்டச் சாலை கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வந்தே ஆக வேண்டும். ஆனால் இறக்கத்தின் இயல்பை எந்தத் திட்டமும் முழுதாக மாற்றிவிடாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் கனரக வண்டிக்கு முன்னால் எது நின்றாலும் அது ஆபத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் டயர் வெடித்து ஒரு பிக்கப் ஓரம் கட்டினால், ஓட்டுநரின் கையில் இருப்பவை முதல் சில நிமிடங்களே. அதற்குள் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், பின்னால் வருகிறவருக்கு முக்கோணத்தைக் காட்ட வேண்டும். ஜாக்கி அதற்கடுத்த வேலை. முக்கோணம் முப்பது கிரேட் தக்காளிக்கு அடியில் கிடந்தால், வண்டியில் அது இருந்தும் பயனில்லை.

கட்டை கைக்கு எட்டாதபோது என்ன நடக்கிறது என்பது இந்தச் சாலைகளில் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். சாலையோரத்துக் கல்லைப் பொறுக்கிச் சக்கரத்தின் அடியில் வைக்கிறார்கள். முக்கோணத்துக்குப் பதிலாக நாலு கல்லும் ஒரு மரக்கிளையும். வேலை முடிந்து வண்டி கிளம்பியதும் கல் அங்கேயே கிடக்கிறது. இரவில் இருசக்கர வண்டியில் வருகிறவருக்கு அந்தக் கல் யமன். இதை ஓட்டுநரின் ஒழுக்கக்கேடு என்று திட்டி ஆவது ஒன்றுமில்லை. எடுக்கவும் திரும்ப வைக்கவும் இரண்டு விநாடி போதும் என்ற இடத்தில் கட்டை இருந்தால் யாரும் கல்லைத் தேடிப் போக மாட்டார்கள். எது எளிதோ அதைத்தான் அவசரத்தில் கை செய்யும்.

கருவிகள் கட்டின்றிக் கிடப்பதும் தனியான ஆபத்து. ஐந்து கிலோ எடையுள்ள ஜாக்கி சீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். வண்டி எதிலாவது மோதி நின்றாலும் ஜாக்கி அந்த வேகத்திலேயே முன்னோக்கிப் போகும். ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக்கு மேலிருந்து, விழும் ஜாக்கி தாக்குகிற வேகம் அது. பின்னால் பாடியில் கடப்பாரையும் லீவரும் உருள்கிறபோது அங்கே கூலி வேலைக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் காட்சியும் மலைப்பக்கக் கிராமங்களில் புதிதல்ல. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டவிரோதம், அது நிற்க வேண்டும். நிற்கும் வரை அவர்கள் காலருகே இரும்பு உருளவாவது கூடாது. சரக்கின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே முடிவுதான். கிரீஸ் பட்ட ஜாக்கியும் டீசல் கேனும் பூ மூட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை அல்ல. கறை பட்ட பட்டுக்கூட்டுக்கு ஏலத்தில் விலை குறைகிறது.

எந்த மாதிரிப் பெட்டி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அமெரிக்கப் பிக்கப்களில் கேபினுக்குப் பின்னால் தொட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் குறுக்கே உட்காரும் பளபளப்பான அலுமினியப் பெட்டியைப் படத்தில் பார்த்துவிட்டு, அதே மாதிரி செய்து தரச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வண்டிகளின் பக்கச் சுவர் அசையாதது, பெட்டி அதன் மேல் தாங்கி நிற்கிறது. நம்முடைய பிக்கப்களில் பெரும்பாலானவற்றின் பாடி மூன்று பக்கமும் திறந்து கீழே மடிவது. சந்தையில் பக்கக் கதவைச் சாய்த்து கிரேட்டை இறக்குவதுதான் இங்குள்ள வேலைமுறை. குறுக்கே பெட்டியை மாட்டினால் அந்தக் கதவு முடங்கும், ஒரு வரிசை சரக்கும் போகும். லாரிகளுக்கு நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். லாரியின் டூல் பாக்ஸ் பாடிக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் தொங்குகிறது. மேலே எவ்வளவு சரக்கு இருந்தாலும் கீழே கை போகும். சிறிய வண்டிக்கும் அந்த இடமே சரி.

இடது பக்கம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நாம் சாலையின் இடது ஓரத்தில் வண்டியை நிறுத்துகிறோம். வலது பக்கத்தில் பெட்டி இருந்தால் அதைத் திறக்கிறவர் ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். சில வண்டிகளில் இடது பக்கத்தில் டீசல் டேங்கோ புகைக்குழாயோ குறுக்கிடலாம். அப்போது பெட்டியைச் சற்று முன்னோ பின்னோ தள்ளலாம், சிறியதாகச் செய்யலாம். புகைக்குழாயை ஒட்டி மட்டும் வைக்கக் கூடாது. பெட்டியின் அடிப்பாகம் பின் ஆக்சிலைவிடத் தாழ்ந்தால் வயல் வரப்பில் இடிக்கும். வெளிமுகம் பாடியின் அகலத்தைத் தாண்டக் கூடாது, எதிரொளிக்கும் பட்டையையும் விளக்கையும் மறைக்கக் கூடாது. சேஸிஸில் வெல்டிங் வைக்க வேண்டாம், துளையும் போட வேண்டாம். யு போல்ட் போட்டு, அதிர்வில் கழலாத நைலான் நட் இறுக்கினால் போதும். சேற்று நீர் தெறிக்கும் இடம் என்பதால் கதவைச் சுற்றி ரப்பர் பீடிங்கும், உள்ளே புகுந்த நீர் வடிய அடியில் இரண்டு துளையும் வேண்டும். கதவு கீழ்ப்பக்கக் கீலில் திறப்பது நல்லது, திறந்த கதவு கருவியை வைக்கும் பலகையாகும். ஆனால் ஒரு தாழ்ப்பாளை நம்பி அப்படிச் செய்யக் கூடாது, இரண்டு வேண்டும்.

எடை கூடுமே என்பது நியாயமான கேள்வி. 90 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரத்தில் 1.6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தால் பெட்டி ஏறத்தாழ 22 கிலோ வரும், கொள்ளளவு 144 லிட்டர். அதே அளவை 2 மில்லிமீட்டர் அலுமினியத்தில் செய்தால் பத்து கிலோவுக்குள் முடியும். 1.7 டன் தாங்கும் பிக்கப்புக்கு 22 கிலோ என்பது நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. முக்கால் டன் வண்டிக்கு மூன்று பங்கை நெருங்கும், ஆகவே அங்கே அலுமினியமோ சிறிய பெட்டியோ போதும். கருவிகளின் எடையை இதில் சேர்க்க வேண்டியதில்லை, அவை இப்போதும் வண்டியில்தான் போகின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அந்த அபராதத்தை வரவழைப்பது பெட்டியல்ல, அளவுக்கு மீறி ஏற்றும் சரக்கு. பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம் என்பேன். இடம் இருந்தால் பழைய செயினும் உடைந்த பேரிங்கும் சேரும், முக்கோணம் மறுபடி அடியில் போகும்.

சட்டச் சிக்கல் வராதா என்று கேட்கிறவர்களின் அச்சமும் வெறுமனே ஒதுக்கத் தக்கதல்ல. உற்பத்தியாளர் வடிவமைத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படியான கட்டமைப்பு மாற்றத்தைத்தான் ‘மாற்றம்’ என்கிறது. வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், நான்கு நட்டைக் கழற்றினால் வந்துவிடும் பெட்டி அந்த வகையில் சேராது என்பது என் புரிதல். ஆனாலும் ஒவ்வொரு உரிமையாளரும் எஃப்.சி. நாளில் தனித்தனியாக இதை வாதாட வேண்டிய நிலை கூடாது. எந்த அளவு வரை, எந்த இடத்தில் பெட்டி வைக்கலாம் என்று போக்குவரத்துத் துறை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் குழப்பம் தீரும்.

திருட்டைப் பற்றிய எதிர்ப்பு இன்னும் வலுவானது. வெளியே தெரியும் பெட்டியை இரவில் உடைப்பார்கள், சீட்டுக்குப் பின்னால் என்றால் கேபின் பூட்டுக்குள் இருக்குமே என்கிறார்கள். உண்மைதான், விலையுயர்ந்த கருவிகளைப் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை. வைக்க வேண்டியவை ஜாக்கி, வீல் ஸ்பேனர், இரண்டு கட்டை, முக்கோணம், டார்ச், கையுறை, கயிறு. இவற்றில் ஜாக்கியைத் தவிர எதற்கும் பெரிய மறுவிலை கிடையாது. வெளியே தொங்கும் பூட்டைவிடப் பதிந்த பூட்டு உடைக்கக் கடினம். கைபேசி இருக்கிறது, நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைத்தால் ஆள் வருவார்களே என்பது மற்றொரு வாதம். அழைக்கத்தான் வேண்டும். ஆனால் உதவி வந்து சேரும் வரை வண்டியின் பின்னால் என்ன நிற்கிறது என்பதே கேள்வி. 1033 தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது. சித்தேரி மலைச்சாலையிலும் வத்தல்மலை வளைவுகளிலும் ஓட்டுநரிடம் இருப்பதுதான் உதவி.

செலவுக்குத்தான் சிறிய உரிமையாளர் அஞ்சுகிறார், தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு ஆயிரமும் கணக்கு. ஆகவே இந்தச் சுமையை வண்டி வாங்கும் நாளிலேயே கரைக்க வேண்டும். சீட் கவர், ஸ்டீரியோ, ஸ்டிக்கர் என்று கூடுதல் பொருட்களைப் பட்டியலிடும் விற்பனையாளர், இந்தப் பெட்டியை அந்தந்த மாடலுக்கு ஏற்ற தயார்நிலைப் பாகமாகத் தர வேண்டும். கடன் கொடுக்கும் நிறுவனம் அதைச் சாலை விலையோடு சேர்க்கட்டும். முக்கோணம் புதிய வண்டியோடு வருகிறது, சக்கரக் கட்டை வருவதில்லை. ரப்பர் கட்டை இரண்டை அந்தப் பெட்டிக்குள் போட்டுத் தருவது உற்பத்தியாளருக்குப் பெரிய செலவல்ல. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் உள்ள சோதனைகளில் ஆவணத்தோடு கட்டையையும் முக்கோணத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். காட்டுவதற்குச் சரக்கை இறக்க வேண்டியிருந்தால், அந்த வண்டி இறக்கத்துக்குத் தயாராக இல்லை.