அடிபடுவது சகஜமில்லை

பதிவு கொஞ்சம் நீளம். பி.டி. பீரியடில் என்னிடமிருந்து தப்பித்து ஓடியவர்கள் இப்போதாவது உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிறு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு 14 வயது. ஃப்ரீஸ்டைல் ஃபுட்பால் பைத்தியம். மைதானமும் வேண்டாம், பதினோரு பேரும் வேண்டாம். ஒரு பந்தும் மொட்டை மாடியும் போதும். பந்தைக் காலால் மேலே தட்டி, அது கீழே வருவதற்குள் அதே காலை அதைச் சுற்றி ஒரு வட்டம் சுழற்றி, மறுபடி தட்டுகிறான். அதற்கு ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ என்று பெயராம். பிடரியில் பந்தை நிறுத்துகிறான். பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. 2008லேயே பிரேசிலில் சாவோ பாவுலோ நகரத்தில் இதற்கு உலகப் போட்டி நடந்திருக்கிறது. ஆகவே இதைத் தெருவித்தை என்று ஏளனம் செய்கிறவர்கள் பக்கம் நான் இல்லை.

அந்தப் பையன் அன்று வலது கணுக்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். ஆறு மாதத்தில் இரண்டாவது முறை, அதே கால். பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, வெறுங்காலோடு மாடிக்கு ஓடி, எடுத்த எடுப்பில் குதித்துச் சுழற்றியிருக்கிறான். மாப்பிள்ளை சொன்னார்: “விளையாடினா அடிபடத்தான் செய்யும் மாமா. இதெல்லாம் சகஜம்.” சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ‘சகஜம்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

மைதானத்தில் எதிராளி வந்து இடித்துக் கால் போனால் அதைச் சகஜம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஃப்ரீஸ்டைலில் எதிராளியே கிடையாது. யாரும் காலை வாரவில்லை. அப்படியிருந்தும் அடிபடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. உடம்பு தயாராகாமல் ஆரம்பித்தது, ஒரே காலால் நூறு முறை செய்தது, களைத்த பிறகும் விடாதது, தூசியும் பாசியும் படிந்த சிமெண்ட் தரை, பழைய சுளுக்கு ஆறுவதற்குள் மறுபடி குதித்தது. இதில் விதி எங்கே வந்தது?

“நம்ம ஊர் வெயிலுக்கு வார்ம்-அப் எதுக்கு சார்? நின்னாலே உடம்பு கொதிக்குதே” என்று கேட்கிறவர்கள் உண்டு. வெயில் சுடுவது தோலை. வார்ம்-அப் என்பது தசைக்கு ரத்தத்தை ஓடவிடுவது, மூட்டை முழு வீச்சுக்குப் பழக்குவது, எந்த நேரத்தில் எந்தத் தசை இறுக வேண்டும் என்று நரம்புக்கு நினைவூட்டுவது. வேர்வையை வைத்து அதை அளக்க முடியாது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபா ‘11+’ என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. மெதுவான ஓட்டம், தசை வலு, ஒற்றைக் கால் சமநிலை, குதித்து இறங்குதல் எல்லாம் சேர்த்து 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். செய்தவர்களுக்கு மொத்தக் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயம் கிட்டத்தட்டப் பாதி. அது மைதானக் கால்பந்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணுக்காலும் முழங்காலும் அதேதான். ஃப்ரீஸ்டைலில் பாதி நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்படியானால் சமநிலைப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவை?

இப்போது என் தவறுக்கு வருகிறேன். நான் உங்களுக்கு என்ன வார்ம்-அப் கற்றுத் தந்தேன்? வரிசையில் நிற்கவைத்து, குளிர்ந்த உடம்போடு குனிந்து கால் விரலைத் தொட்டு அப்படியே பிடிக்கச் சொன்னேன். ஆடுவதற்கு முன் தசையை நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் அதன் வேகமும் வலுவும் சற்றுக் குறையும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பேசியவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். ஓட்டம் என்றால் தண்டனை என்று உங்கள் மனதில் பதியவைத்ததே நான்தான். வலிக்கிறது என்று சொன்ன ஒரு பையனை “ஆம்பிளைப் பையன் பொறுத்துக்கோ” என்று ஆட அனுப்பினேன். அவன் அதன்பின் பந்தைத் தொடவில்லை. இதை நீ படிக்கிறாயா, தெரியவில்லை. படித்தால், மன்னித்துவிடு தம்பி.

அதனால்தான் இப்போது சத்தம் போடுகிறேன். மாடிக்குப் போகும் பிள்ளைகளே, தட்டையான அடியுள்ள ஷூ போடுங்கள். தரையைப் பெருக்குங்கள். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம் அல்லது ஸ்கிப்பிங். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் வீசுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்காலைச் சுழற்றுங்கள். பத்துத் தோப்புக்கரணம் (இதுவும் தண்டனை இல்லை). ஒவ்வொரு காலிலும் அரை நிமிடம் நின்று பந்தைக் கைமாற்றுங்கள். கழுத்தை மெதுவாக நாலு பக்கமும் திருப்புங்கள். அப்புறம் தாழ்வாக, இரண்டு காலாலும் பந்தைத் தட்டுங்கள். கடைசியில்தான் வித்தை. மொத்தம் 15 நிமிடம். ரீல்ஸில் நீங்கள் பார்ப்பது நாற்பது முறை தவறியபின் எடுத்த ஒரு காட்சி. அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று யாரும் காட்டுவதில்லை. “இன்னும் ஒரே ஒரு டேக்” என்று தோன்றும் நேரத்தில் கால் களைத்திருக்கும். அங்கே நிறுத்துங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. சுளுக்கிய கையோடு எண்ணெய் போட்டு உருவாதீர்கள். சம்பந்தியம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் உருவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டும். நாலடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்றாலோ உடனே மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுங்கள். வலி போனதும் ஆறிவிட்டதாக நினைக்காதீர்கள். ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்குவது சுலபம்; சமநிலை திரும்பப் பயிற்சி வேண்டும். பேரனுக்கு முதல் முறை அதைத்தான் யாரும் செய்யவைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மாணவர்களில் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடனைப் பிள்ளைகள் மொட்டை மாடியில் கணுக்காலால் அடைக்கிறார்கள்.

பேரன் இப்போது வலி குறைந்து, ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கிறான். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறார். அரை நிமிடம் அவராலேயே நிற்க முடியவில்லை என்று மகள் ஃபோனில் சொன்னாள். நீங்களும் எழுந்து நின்று பாருங்கள். எத்தனை விநாடி என்று கீழே எழுதுங்கள். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.