தண்ணி எந்த ஊருண்ணே?

ராமேஸ்வரத்தில், கடலுக்கு எதிரேயே சித்தப்பா வீடு கட்டுறார். இருபது வருஷ சேமிப்பு. "சிவில் படிக்கிறியே, நல்ல ரெடிமிக்ஸ் ஆளா பாத்துச் சொல்லுடா"ன்னுட்டார். மூணு பேருக்கு போன் போட்டேன். மூணு பேரும் ரேட்டை ஒப்பிச்சாங்க. "கலக்குற தண்ணி எங்கேருந்து வருதுண்ணே?"ன்னேன். ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர் போனையே வெச்சுட்டார்!

சிரிக்கிற மேட்டர் இல்லை பாஸ். நம்ம கரையில் பல இடத்தில் போர் போட்டால் உப்புத்தண்ணிதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குற தண்ணியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடைத் தாண்டக் கூடாதுங்குது ஐ.எஸ். 456. தாண்டினால் கம்பி உள்ளேயே துருப்பிடிச்சு, உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துடும். வெளியே உப்புக்காத்து வேற! 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலமே துருவோட மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில்தான் ஓய்ஞ்சுது. அதனால கடலோரத்தில் எம்-30-க்குக் குறையவே கூடாது. சிரிச்சவர் சொன்னது எம்-20. கட்!

மூணாவது ஆள் மட்டும், "லேப் ரிப்போர்ட் இருக்கு, வந்து பாருங்க தம்பி"ன்னார். ரேட்தான் ஜாஸ்தி. பிளான்ட்டும் ராமநாதபுரம் பக்கம். லோடு ஏத்தின ரெண்டு மணி நேரத்துல இறக்கணும். பாம்பன் ரோடு பாலத்துல டூரிஸ்ட் வண்டிங்க வழிமறிச்சு நின்னா? இறுகுதேன்னு டிரைவர் தண்ணியை ஊத்தினா, எம்-30 பேருக்குத்தான். அதனால விடியக்காலை லோடு கேட்டிருக்கேன்.

ரேட்டைக் கேட்டதுலேருந்து சித்தப்பா பேசலை. நாளைக்கு சித்தியை விட்டுத்தான் பேசணும்.