டிவிப் பெட்டியை ஏன் உடைத்தார்கள்?

போன மாதம் மணியாச்சி சந்திப்பில் தூத்துக்குடி வண்டிக்காக நின்றிருந்தபோது, இன்ஜினியரிங் முடித்த தம்பி ஒருவன் பேச்சுக்கொடுத்தான். குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் ஏறப்போகிறது, கரிசல்காட்டு வீட்டு மாடியில் ஸ்டார்லிங்க் தட்டு வரப்போகிறது, எல்லார் கையிலும் ஏஐ இருக்கப்போகிறது என்று அடுக்கிக்கொண்டே போனவன், “இனிமே சாதியெல்லாம் தானா செத்துரும்க்கா” என்றான்.

அவன் உற்சாகத்தில் பாதி எனக்கும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசேகரன்பட்டினத்திலிருந்து கடல்மேல் நேராகத் தெற்கே போய்விடலாம். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். நம் மாவட்டத்தில் என்பதில் எனக்கும் பெருமைதான். எனக்கு இடித்தது அந்தத் ‘தானா’.

மணியாச்சி இருக்கிற அதே ஓட்டப்பிடாரம் வட்டத்தில்தான் கொடியங்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் அந்தத் தலித் ஊருக்குள் புகுந்தார்கள். குற்றவாளிகளைத் தேடினோம் என்றார்கள். குற்றவாளி டேப் ரெக்கார்டருக்குள்ளா ஒளிந்திருப்பான்? டிவி, மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர் எல்லாம் நொறுக்கப்பட்டன. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் தீக்குப் போயின. சொந்த நிலமும் வளைகுடாச் சம்பாத்தியமும் கொஞ்சம் நிமிரவைத்திருந்த ஊர் அது.

ஒரு டிவிப் பெட்டிக்கு என்ன அர்த்தம் என்பது நம் தொழில்நுட்ப ஆர்வலர்களைவிடச் சாதிக்கு நன்றாகத் தெரியும். கூலி வேலைக்கு வந்து நிற்க வேண்டியவன் வீட்டில் மின்விசிறி சுற்றினால், அது அவனுக்குக் காற்று. எதிரே நிற்பவனுக்கு அவமானம். பாஸ்போர்ட்டை எரித்தது இன்னும் தெளிவானது. தப்பிக்கிற வழி எது என்று பார்த்துத்தான் கொளுத்தினார்கள். ‘கர்ணன்’ வந்தபோது கொடியங்குளம் பற்றி ஊரே பேசியது. தம்பியும் படத்தைப் பார்த்திருக்கிறான். அது தன் வட்டத்துக் கதை என்று மட்டும் தெரியவில்லை.

அது பழைய கதை, இன்டர்நெட் இல்லாத காலம் என்பீர்கள். கவின் செல்வகணேஷ் இதே தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளை, மென்பொருள் பொறியாளர், வயது 27. கணினி கைவந்தவன், சம்பளம் வாங்கியவன், நகரத்துக்குப் போனவன். முன்னேற்றம் என்று நமக்குச் சொல்லித்தந்த எல்லாப் படியையும் ஏறியவன். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். இதில் எந்த வேக இணைப்பு குறைவாக இருந்தது?

இணையம் சாதியை எதிர்கொள்ளவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டது. திருமணத் தளத்தில் உட்சாதி வரை வடிகட்டித் தருகிறது. அரிவாளோடு ரீல்ஸ் போடுகிறவனுக்கு லைக் எண்ணித் தருகிறது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டபோது, வெட்டியவர்களும் கையில் போன் வைத்திருந்த தலைமுறைதான்.

உடனே என்னைத் தொழில்நுட்ப விரோதி ஆக்கிவிடாதீர்கள். இயந்திரத்தை வெறுத்த காந்தியோடு அம்பேத்கர் மோதினார்; நான் அம்பேத்கர் பக்கம். கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயில் கேமரா பேசியிராவிட்டால் 2022 தீர்ப்பு வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியதையும் கேமரா பிடித்தது, நாடே பார்த்தது. 2020இல் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. கேமரா காட்டும், அதற்குமேல் செய்ய வேண்டியது சட்டமும் அரசும் நாமும்.

சட்டைப்பைக்குள் கம்பியில்லாக் கருவி வரும் என்று ‘இனிவரும் உலகம்’ எழுதிய பெரியார், பணமும் அரசனும் இல்லாத சமூகத்தோடு சேர்த்துத்தான் அதைக் கற்பனை செய்தார். நாம் கருவியை மட்டும் தவணையில் வாங்கிக்கொண்டோம்.

ஆணவக் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தம்பி, உன் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, என்ன எண்ணில் கூப்பிட வேண்டும், இதுவரை எத்தனை ஜோடிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது என்று ஒரு ஆர்.டி.ஐ. மனு போடு. ஆன்லைனிலேயே போடலாம்.