டக டகன்னா பேட்டரி போச்சுன்னு அர்த்தமில்லீங்க

ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசைன்னா எங்க பவானி கூடுதுறைக்கு வெளியூர் கார்கள் வரிசை கட்டி வந்து நிற்கும். பெரியவங்க ஆத்துல முழுகி, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுட்டு வர்ற வரைக்கும் பிள்ளைங்க வண்டிக்குள்ளே பாட்டுக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஓடாது, பேட்டரிதான் ஓடும். கிளம்பறப்ப சாவியைத் திருப்பினா டக டக டகன்னு சத்தம் மட்டும் வரும், வண்டி எடுக்காது. சுத்தி நிக்கிறவங்கள்ல ஒருத்தர் உடனே தீர்ப்புச் சொல்லிருவார்: "பேட்டரி போச்சுங்க, புதுசு மாத்திருங்க."

சில நேரம் அது சரிதான். ஆனா விசாரிக்காமலே சொல்ற தீர்ப்பை நான் ஒத்துக்க மாட்டேன். நாலாயிரம் அஞ்சாயிரம் ரூபாய் சமாச்சாரம். அதை விடப் பெரிசு, உண்மையான கோளாறு உள்ளேயே இருந்துட்டா, அடுத்த வாரம் வயசான அப்பா அம்மாவோட நடுரோட்டுல நிக்கணும்.

தோட்டத்துல மூணு பேஸ் மோட்டார் வெச்சிருக்கிற எவருக்கும் இந்தச் சத்தம் புதுசில்லைங்க. கரண்ட்டு லோ வோல்டேஜ்ல வந்தா ஸ்டார்ட்டர் பெட்டி இப்படித்தான் கடகடன்னு அடிச்சுக்கும். காயில் இழுக்கும், பிடிச்சு நிக்கத் தெம்பில்லாம விட்டுரும், திரும்ப இழுக்கும். காருலேயும் இதே கதைதான். செல்ஃப் மோட்டார் மேல இருக்கிற சொலினாய்டு இழுத்ததும் மோட்டார் ஒரே மூச்சுல கரண்ட்டை உறிஞ்சும், வோல்டேஜ் சரியும், சொலினாய்டு விட்டுரும். வோல்டேஜ் மறுபடி ஏறும், திரும்ப இழுக்கும். அதுதான் அந்த டக டக. ஸ்டார்ட்டர் பெட்டி அடிச்சுக்குதுன்னு யாராச்சும் போர்ல இருந்து மோட்டாரைக் கழட்டி மேலே தூக்குவாங்களா? முதல்ல வோல்டேஜ் பார்ப்போம், பீஸ் பார்ப்போம், வயர் லூஸான்னு பார்ப்போம். இந்தியாவின் முதல் மின் மோட்டாரை 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செஞ்ச கோயம்புத்தூர்ப் பக்கம் நம்முது. மோட்டாரைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

"ஹெட்லைட் நல்லா எரியுதே, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு?"ன்னு கேப்பீங்க. 55 வாட் பல்பு ஒண்ணுக்கு 5 ஆம்பியர் கூட வேண்டாம். செல்ஃப் மோட்டாருக்கு நூறுக்கு மேல வேணும். சொட்டு நீர் வருதுங்கிறதுக்காக வாய்க்கால் நிறையத் தண்ணி வரும்னு சொல்ல முடியாது.

அதனால லைட்டைப் போட்டுட்டே சாவியைத் திருப்பிப் பாருங்க. டக டகன்னு அடிச்சு லைட் ரொம்ப மங்கினா பேட்டரியில சார்ஜ் இல்லை, இல்லேன்னா டெர்மினல்ல பிடிமானம் இல்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, லைட் மங்காம அப்படியே எரிஞ்சா, மோட்டாருக்குக் கரண்ட்டே போய்ச் சேரலை. அங்கே செல்ஃப் மோட்டாரையும் அதுக்குப் போற கேபிளையும்தான் பார்க்கணும். அதுக்குப் புது பேட்டரி மாத்தி என்ன பிரயோசனம்?

அடுத்தது பானெட்டைத் திறங்க. டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருக்கா, கையால அசைச்சா ஆடுதா, பாடியில முறுக்கியிருக்கிற எர்த் வயர் துரு ஏறிக் கிடக்குதான்னு பாருங்க. கிணத்துல தண்ணி இருந்து வாய்க்கால்ல அடைப்புன்னா, மண்ணைத்தான் வாருவோம். புதுக் கிணறு வெட்ட மாட்டோம். கழட்டறப்ப மைனஸை முதல்ல கழட்டணும், மாட்டறப்ப கடைசியில மாட்டணும். இல்லேன்னா ஸ்பேனர் பாடியில பட்டுத் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவைச் சுடுதண்ணியில கரைச்சுத் தேய்ச்சா பூத்தது போயிரும். அது ஆசிட் சமாச்சாரம், கண்ணுக்கும் கைக்கும் பத்திரம்.

ஒரு சின்ன மல்ட்டிமீட்டர் வாங்கி டேஷ்போர்டுல போட்டு வையுங்க. வண்டி ஓடாம கொஞ்ச நேரம் நின்ன பிறகு 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12.2 வந்தா பாதி. முழு சார்ஜ் இருந்தும் சாவியைத் திருப்பறப்ப 9.6-க்குக் கீழே விழுந்தா அந்த பேட்டரிக்கு வயசாயிருச்சு. நம்ம வெயிலுக்கு மூணு நாலு வருஷம் உழைச்சிருந்தா அதைக் குறை சொல்லவும் முடியாது, தாராளமா மாத்துங்க.

ஆனா மாத்தறதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கு இருக்குதுங்க. இன்னொரு வண்டியில இருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஒயரைக் கழட்டின பிறகு இன்ஜின் ஓடறப்ப மீட்டர் வையுங்க. பெரும்பாலான வண்டிக்கு 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும். 12-லேயே நின்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலை. அப்ப புது பேட்டரியும் சீக்கிரமே இதே டக டகவைத்தான் பாடும்.

எல்லாரும் மெக்கானிக் ஆகணும்னு நான் சொல்ல வரலீங்க. மாத்தச் சொல்றவர்கிட்ட, "மீட்டர் வெச்சுக் காட்டுங்க, அப்புறம் வாங்கறேன்"னு கேளுங்க. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார், சந்தோஷமாவே காட்டுவார். காட்ட மாட்டேன்னு சொல்றவர்கிட்ட உங்க பழைய பேட்டரியைக் குடுத்துட்டு வராதீங்க.